ஆறாவது பலகை

மரத்தூள் ஈரமாக விழுந்தது.

ஒரு வருடம் கூரைக்கடியில் காய்ந்த மலைவேம்புப் பலகை அது. பதுர்தீன் வாளின் பல்லைத் தடவிப் பார்த்தார். தூள் விரலில் சேறாக ஒட்டியது. உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு அறுத்தார். மனைவி ஸைனம்பு மௌத்தாகி, அடக்கிப் பதினாலு நாள். அதற்குப் பிறகு எதுவும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

பின்னேர மழை தகரத்தில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. பட்டறைக்குள் வச்சிரப் பசை காய்ச்சிய நாற்றமும், நனைந்த சணல் சாக்கின் நாற்றமும், அவற்றுக்கடியில் எங்கிருந்து வருகிறதென்று தெரியாத மெல்லிய கற்பூர வாசமும் இருந்தன.

பெட்டி நடராஜாவுடையது. கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டி. ஸ்பீக்கரைத் தாங்கும் முன்பலகை மழையில் ஊறி உதிர்ந்துவிட்டது. வஹகோட்டை கோயில் திருவிழாவில் அன்றிரவு அவன் வாசிக்க வேண்டும். ப்ளைவுட் எங்கும் கிடைக்காத வருடம். கதவுக்குப் பின்னால் ஒரு பலகை சாய்ந்திருந்தது. மனைவியின் உடம்பில் மண் விழாமல் கபுறை மூட அவரே அறுத்ததில் மிஞ்சியது என்று நினைத்தார். அடக்கத்துக்குப் போயிருந்தார். குழிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

பலகையை இரண்டாக வெட்டிப் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தார். இப்போது வட்டம் அறுத்து முடித்தார். ஸ்பீக்கரைப் பூட்டி, வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, எட்டுத் திருகாணிகளையும் முறுக்கினார்.

நடராஜா வந்து தந்தியை மீட்டினான். பதுர்தீனை அவன் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, வயித்துக்குள்ள அடிக்குது! வெள்ளக்காரன் செஞ்சாலும் இப்புடி வராதுங்க."

"கீழ ஒரு சத்தம் கேக்கலயா?"

"என்னா சத்தம்?"

"மண் சரியிற மாதிரி."

"மழைங்க. ஒங்க காதுக்கும் ஒரு ஸ்க்ரூ போடுங்க." சிரித்துக்கொண்டே வயரைக் கழற்றிச் சுருட்டினான். வேன் கொண்டுவரப் போனான்.

அவன் போனதும் பள்ளிவாசலில் அடக்கவேலை பார்க்கும் மீராசாஹிப் குடையோடு நுழைந்தார்.

"பதுர்தீன், பலாபத்வலைல ஒரு மையத்து. ஆறு பலகை வேணும். இந்த முறை சரியா எண்ணித் தாங்க. ஒங்கட ஊட்டுக்காரிக்கு ஒண்டு கொறஞ்சி போச்சி."

"ஆறு அறுத்தேன்."

"அஞ்சுதான் எடுத்திட்டுப் போனோம். தலமாட்டுக்குப் பலகைக்குப் பதிலாப் பாய மடிச்சி வெச்சோம். அந்த நேரத்தில ஒங்களுக்கிட்ட என்னத்தச் செல்ற?"

"இப்ப வைக்க ஏலாதா?"

"மூடின கபுறத் தோண்ட ஏலுமா? தெரியுந்தானே."

நாளைக்கு அறுத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். குரல் சாதாரணமாகவே வந்தது.

பெட்டியின் துணி அசைந்தது.

வயர் சுருட்டியபடி கிடந்தது. மின்சாரம் இல்லை. துணி உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே. மெதுவாக. தூங்குகிறவளின் மூச்சைப் போல. இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு.

திருப்புளியை எடுத்தார். பலகையைக் கழற்றி மையவாடிக்குக் கொண்டுபோக வேண்டும். யார் தடுத்தாலும் தோண்டி வைக்க வேண்டும்.

முதல் திருகாணி. உள்ளே மண் சரிந்தது.

இரண்டாவது. இன்னும் கொஞ்சம். மூச்சு இடறியது.

மூன்றாவது. பலகை விளிம்பிலிருந்து செம்மண் ஒழுகியது. உள்ளே இருமல். பெண் இருமல். அடைத்த இருமல்.

பதுர்தீன் நிறுத்தினார். மண்ணைத் தாங்கிக்கொண்டிருப்பது இந்தப் பலகைதான். எடுத்தால் மிச்சமும் அவள் முகத்தில் விழும்.

இரண்டு கைகளாலும் பலகையை அழுத்திப் பிடித்தார்.

வாசலில் வேன் ஹார்ன்.

"தூக்குவோமா நானா?" நடராஜா மறுபக்கக் கைப்பிடியைப் பற்றினான். "கைய எடுங்க. நேரமாச்சு."

அவர் எடுக்கவில்லை.

"நானா?"

உள்ளங்கைக்குக் கீழே துணி நனைந்தது. சூடாக. துணிக்குப் பின்னால் உதடுகள் பிரிந்தன. நாக்கு ஒரு வாய் மண்ணை அவர் கையில் தள்ளியது.

பிறகு இன்னொரு வாய்.