ஆள் இருக்கிற மாதிரி

புத்தகத்தின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் வைத்திருந்த பழைய பேருந்துச் சீட்டு, அறுபத்தொன்றாம் பக்கத்துக்குப் போயிருந்தது.

முப்பது வருடம் நூலகராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவில் எல்லோருக்கும் இன்னும் அவர் நூலகர் அம்மாதான். சீட்டு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதில் அவருக்கு மறதி வராது. விலைக்கு விட்டிருந்த வீட்டைப் பார்க்க வந்த யாரோ புரட்டியிருப்பார்கள் என்று நினைத்து, அதைப் பழைய பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்னவர்கள், விற்றுப்பார் என்று ஒன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பதினொரு மாதமாக வீடு விலைபோகவில்லை. வேறொரு ஊரில் இருக்கும் மகளுக்கு நிறைமாதம். மருமகனுக்குக் கப்பல் வேலை. கரைக்கு வர இன்னும் நாலு மாதம் ஆகும். வீடு விற்றால்தான் மகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம் பார்க்கலாம். பிரசவத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"எப்பம்மா வருவ?" என்று மகள் தினமும் போனில் கேட்பாள். "இதோ கிளம்பிட்டே இருக்கேன் கண்ணு" என்று இவரும் தினமும் சொல்வார்.

தரகர்தான் யோசனை சொன்னவர். "காலி வீடுன்னா யாருக்கும் பிடிக்காதும்மா. ஆள் இருக்கிற மாதிரி இருக்கணும். ஆனா நீங்க இருக்கக் கூடாது. வீட்டுக்காரங்க பக்கத்துல நின்னா வாங்க வர்றவங்க வாயே திறக்க மாட்டாங்க."

சரி என்று இரண்டு தெரு தள்ளியிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்புமுன் வாசலில் தன் பழைய செருப்பை வைத்தார். நாற்காலி முதுகில் சாம்பல் நிறச் சால்வையைப் போட்டார். பக்கத்து மேசையில் பாதி படித்த புத்தகம், அதன்மேல் பழைய மூக்குக்கண்ணாடி, அருகில் ஒரு காலிக் கோப்பை. தரகர் பார்த்துவிட்டு, "அச்சு அசல் நீங்க இப்பத்தான் எழுந்து போன மாதிரியே இருக்கு" என்று சிரித்தார்.

எடுத்த வேலையை அரைகுறையாக விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. வாரம் ஒன்றாகச் சேர்த்தார். இரண்டு நரைமுடி சிக்கிய சீப்பு. தலை வைத்து அமுக்கிய தலையணை. கண்ணாடி முன்னால் பாதி தீர்ந்த முகப்பவுடர். ஒரு ஆளுக்கு வேண்டியதெல்லாம் அந்த வீட்டில் வந்து சேர்ந்துவிட்டது, ஆள்தான் பாக்கி.

அடுத்த வாரம் போனபோது, துடைத்து வைத்த கோப்பையின் அடியில் தேநீர் காய்ந்திருந்தது. தெருவைப் பார்க்க விட்டிருந்த செருப்பு வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பேருந்துச் சீட்டு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. இந்தத் தடவை அதைத் தொட அவருக்குக் கை வரவில்லை.

மறுநாள் மத்தியானம் தரகர் கூப்பிட்டார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஆள் வர்ற நேரத்துல நீங்க அங்க இருக்காதீங்க."

"நான் எங்க தம்பி இருந்தேன்?"

"காலையில வந்தவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்களாமே. 'வீட்டை வித்துட்டா நான் எங்க போவேன்'னு. நீங்க தங்கச்சி வீட்டுக்குப் போனப்புறம் வந்த நாலு குடும்பமும் இதையேதான் சொல்லுது. ஒரு வயசானவங்களை அழ வச்சிட்டு யாரும்மா வீடு வாங்குவாங்க?"

காலையில் அவர் தங்கையோடு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இன்னும் அந்தப் பச்சை இருந்தது. தங்கையிடம் சொல்ல வாயெடுத்தார். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பயமாக இருந்தது. வைத்த பொருளையெல்லாம் எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு துணிப்பையோடு சாயங்காலம் கிளம்பினார்.

வாசற்படியில் செருப்பு இல்லை.

கதவைத் திறந்து, கைபேசி கிடந்த பையை நிலைப்படி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நடந்தார். ஜன்னல் வழியாக வந்த மஞ்சள் வெயில் தரையில் பாதிவரை நீண்டு கிடந்தது, சமையலறைக் குழாய் சொட்டுச் சொட்டாக நிதானமாக ஒழுகிக்கொண்டிருந்தது, மாதக்கணக்கில் பூட்டியிருந்த வீட்டுக்குரிய நெடி கொஞ்சமும் இல்லாமல் முகப்பவுடரும் தேநீரும் கலந்த வாசனை, அவர் அறைக்குள் நுழைந்தால் மகள் கண்ணை மூடிக்கொண்டே "அம்மா" என்று சொல்லும் அந்த வாசனை, கூடமெங்கும் நிறைந்திருந்தது.

நாற்காலியில் சால்வை இல்லை. மூக்குக்கண்ணாடியும் இல்லை. பேருந்துச் சீட்டு கடைசிப் பக்கத்தில் இருந்தது.

படித்து முடித்தாயிற்று.

மாடியில் யாரோ இருமினார்கள். இரண்டு சின்ன இருமல், ஒரு செருமல். அது அவருடைய இருமல்.

ஓட நினைத்தார். திரும்பிய வேகத்தில் மேசைக் காலில் இடறினார். கைக்கு எட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். இருக்கை சூடாக இருந்தது.

மாடிப்படியில் காலடி. ஒவ்வொரு படியிலும் வலது கால் முதலில். மூட்டுவலி வந்ததிலிருந்து அவர் நடக்கிற அதே நடை. முதுகுக்குப் பின்னால் வந்தது. நின்றது. சால்வையின் நுனி அவர் தோளை உரசியது. பிறகு வாசல் பக்கம். பையை எடுக்கும் சத்தம். கதவு.

"அட, நீங்க இங்கதான் இருக்கீங்களாம்மா?" வெளியே தரகரின் குரல். "நல்லதாப் போச்சு. இவங்க ரெண்டு பேருக்கும் வீடு பிடிச்சிருக்கு. முடிச்சிடலாம்னு வந்திருக்காங்க."

"சந்தோஷம் தம்பி" என்றது அவருடைய குரல். "எனக்கும் போக ஒரு இடம் கிடைச்சிடுச்சு."

நாற்காலியில் இருந்தவர் கத்தினார். நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. அவ்வளவுதான்.

தரகர் அந்தத் தம்பதியை உள்ளே அழைத்து வந்தார். மூன்று பேரும் நாற்காலியைப் பார்த்தார்கள்.

"யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி இருக்குல்ல?" என்றாள் மனைவி.

"அதான் இந்த வீட்டோட அழகே" என்றார் தரகர்.

எழ முடியவில்லை. கை அசையவில்லை. கழுத்து மட்டும் ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பியது. வெளிவாசலில் சாம்பல் சால்வை போர்த்திய அம்மாள் நின்றிருந்தார். காலில் பழைய செருப்பு. காதில் கைபேசி.

"கிளம்பிட்டேன் கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "இனிமே உன்கூடவேதான். இல்லம்மா, இங்க வேற யாரும் இல்ல."

கைபேசி பிடிக்காத இன்னொரு கை மார்போடு வளைந்து, ஒரு பச்சைக் குழந்தையை ஏந்திப் பழகுவதுபோல் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.