இரண்டாம் பை

"திங்கட்கிழமை என் பொண்ண எங்கிட்டேருந்து பிரிச்சுடுவாங்கய்யா" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பழைய ஸ்டாம்புகளை வாங்கி விற்கும் கடை அது. கள்ளப் பத்திரங்களைக் கண்டுபிடிப்பதில் கடைக்காரர் கில்லாடி என்று கோர்ட்டு வட்டாரத்தில் பேச்சு உண்டு. மனிதர் அதிகம் பேசமாட்டார். அந்தக் குறையை அவருடைய மச்சான், ரிட்டயரான டிரில் மாஸ்டர், தாராளமாக ஈடுகட்டிவிடுவார்.

அவள் கணவன் மலைமேல் ஒரு தபால் ஆபீஸில் ஒற்றை ஆளாக வேலை பார்த்தவன். குழந்தைக்குக் காலில் ஆபரேஷன் என்று அவள் கீழே அம்மா வீட்டில் இருந்தபோது, இருபத்திரண்டாம் தேதி காய்ச்சலில் தனியாகச் செத்துப்போனான். இப்போது அவனுடைய அண்ணன் ஒரு பத்திரத்தை நீட்டுகிறார். தனக்குப் பிறகு மகள் அண்ணனிடம்தான் வளர வேண்டும் என்று, பதினாலாம் தேதி தம்பி தன் வீட்டுக்கே வந்து கையெழுத்துப் போட்டதாகச் சொல்கிறார்.

"கையெழுத்து பொய்யா?" என்றார் மச்சான் ஆவலாக.

"அவருதுதான். அதான் எனக்கு மண்டை காயுது."

"அண்ணனுக்கு அவர் லெட்டர் ஏதாவது போட்டாரா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஒரு வரிகூட வரலைன்னு கோர்ட்ல எழுதிக் கொடுத்திருக்காரு. பேசினதெல்லாம் நேர்லயாம்."

"ஆபீஸ் வேலை எப்படி?"

"தேதி முத்திரை உடைஞ்சுபோச்சுங்க. ஒவ்வொரு ஸ்டாம்பு மேலயும் பேனாவால கையெழுத்தும் தேதியும் போட்டுத்தான் அடிப்பாரு. காலைல ஒரு தபால் பை கீழ போகும், மத்தியானம் மூணு மணிக்கு ஒரு பை. கையே ஒடியுதுன்னு சலிச்சுக்குவாரு."

மறுநாள் மூவரும் அண்ணனுடைய வக்கீலின் அறைக்குப் போனபோது பத்திரம் மேசைமேல் கிடந்தது. டைப் அடித்த காகிதம். அடியில் ஒரு ஸ்டாம்பு. அதன்மேல் சுருக்கக் கையெழுத்து, பதினாலாம் தேதி, மூலையில் சின்னதாக ஒரு "2". அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார். பிள்ளையில்லாத மனிதர். தம்பி மகளுக்குக் கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டாராம். அதைக் கேட்டபோது மச்சானுக்கே அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

கடைக்காரர் லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார். "தம்பி அன்னைக்கு எப்ப வந்தாருங்க?"

"காலைல வந்தான். பொழுது சாயற வரைக்கும் எங்கூடதான் இருந்தான்."

"இந்த ரெண்டு எதுக்கு?"

"ரெண்டாவது பிரதியா இருக்கும்."

"முதல் பிரதி எங்க?"

அண்ணன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஜன்னலைப் பார்த்தார்.

"கையெழுத்து நிஜம்தான்" என்றார் கடைக்காரர். "ஆனா இந்தக் காகிதத்துல போட்டது இல்ல. ஸ்டாம்போட ஓரம் பல்லு பல்லா இருக்கு பாருங்க. ஒட்டின ஸ்டாம்பைத் தாண்டி பேனா ஓடினா, பல்லிடுக்குல தெரியிற காகிதத்துலயும் மை படும். இங்க இடுக்கெல்லாம் வெள்ளையா இருக்கு. ஸ்டாம்புக்கு வெளிய நீட்டியிருக்கிற கையெழுத்தோட வாலை யாரோ அப்புறமா வரைஞ்சிருக்காங்க. தபாலுக்கும் பத்திரத்துக்கும் ஒரே ஸ்டாம்பு செல்லுது, அது வசதியாப் போச்சு."

"அப்ப அந்த ரெண்டு?" மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

"முத்திரை இல்லாத ஆபீஸ்ல, தபால் எந்தப் பைல போகுதுன்னு ஸ்டாம்பு மேலயே எழுதுவாங்க. என் கடைல அந்த மாதிரி ஒரு டப்பா நிறைய கிடக்கு. இது ரெண்டாவது பை. பதினாலாம் தேதி மத்தியானம் உங்க தம்பி மலைமேல உக்காந்து ஒரு கவரை அடிச்சிருக்காரு. உங்க வீட்டுல இல்ல." அவர் லென்ஸை மடித்தார். "லெட்டரே வரலைன்னீங்க. ஸ்டாம்பு மட்டும் எப்படி வந்துச்சு?"

அண்ணன் சட்டையின் உள்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் வலது மூலை ஸ்டாம்பு இல்லாமல் மொட்டையாக இருந்தது. "எரிக்கணும்னு எத்தனையோ தடவை எடுத்தேன். முடியல."

அவள்தான் பிரித்துப் படித்தாள். "அண்ணா, காய்ச்சல் விடவில்லை. எழுந்து நடக்க முடியவில்லை. அவளுக்குச் சொல்லாதே, குழந்தையை வைத்துக்கொண்டு தவித்துப்போவாள். நீ வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ."

"எப்ப வந்துச்சு இது?"

"மறுநாளே. அவன் சின்ன வயசுலேருந்தே லேசா உடம்பு சுட்டாலும் பெருசு பண்ணுவான்மா. அப்படித்தான்னு நினைச்சுட்டேன்."

"ஏழு நாள்" என்றாள் அவள். "ஏழு நாள் வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்திருக்காரு."

வக்கீல் கேஸ் கட்டை மூடி, இந்த வழக்கைத் தன்னால் நடத்த முடியாது என்றார். மகள் இனி அவளுக்குத்தான். அந்த நிம்மதியை அனுபவிக்க அவளுக்குத் தெம்பு இல்லை. கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மச்சான் வாழ்க்கையில் முதல்முறையாக வாய் திறக்காமல் பின்னால் வந்தார்.

வாசல் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்த மகள் எழுந்து நொண்டிக்கொண்டே வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "பெரியப்பா வரலையாம்மா?"

"வரலடா" என்றாள் அவள். "அவர் வரவே இல்ல."