பதினான்காவது வரி

வெடிவிபத்துக்குப் பிறகு பட்டாசுக் கம்பெனியைப் பூட்டி ஒன்பது நாளாகிவிட்டது. ஆனாலும் ஆபீஸ் கணினியின் என்டர் விசைமேல் ஒரு வெள்ளி விரல்ரேகை ஈரமாக மின்னியது. ஜெமிமா அதைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நேராக வந்திருந்தாள். தகரக் கூரை வெயிலில் நெளிந்து சத்தமிட்டது. கருகிய சாக்கின் வாடை ஜன்னல் வழியே மெல்ல வந்து மூக்கில் தங்கியது.

மேனேஜர் மணிகண்டராஜ் எட்டிப் பார்த்தார்.

"கணக்கைச் சரி பண்ணி, பழைய தேதியைப் போட்டு எடும்மா. நாளைக்கு விசாரணைக்கு வாராக. பஞ்சம்மாதான் பேச்சக் கேக்காம மருந்த வச்சிட்டுப் போனான்னு இருக்கட்டும்."

"அண்ணாச்சி, அவுக கொட்டிருதேன்னுதான சொன்னாக."

"தப்பாக் கணக்குப் போட்டது யாரு? நானா?"

பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கலந்த மருந்து மிஞ்சினால் மாலையிலேயே தண்ணீரில் கொட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் தானாகச் சூடேறும். விபத்துக்கு முந்தின நாள், சீசன் நெருக்கத்தில் மேனேஜருக்கு அது வீணாகத் தெரிந்தது. மாலை ஆறிலிருந்து காலை எட்டுவரை, மணிக்கு மணி எவ்வளவு சூடு ஏறும் என்று ஜெமிமாவைக் கணக்கிடச் சொன்னார். நிரல் எழுதக் கற்று அவளுக்கு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மணிக்கு ஒன்றாக வந்த பதினான்கு வரியிலும் நாற்பது டிகிரியே இருந்தது. ஏன் ஏறவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கக் கூச்சப்பட்டுத் தாளைக் கொடுத்துவிட்டாள்.

தாளைப் பார்த்து, மருந்து கலக்கும் பஞ்சம்மாள் சிரித்தாள். மணிக்கட்டுவரை அலுமினியப் பொடி அப்பிய வெள்ளிக் கைகள்.

"ஏ டீச்சர் மகளே, ஒம் பொட்டிக்குக் கை வச்சுப் பாக்கத் தெரியுமா?"

மறுநாள் காலை எட்டு மணிக்கு மருந்து அறையை முதலில் திறந்தது பஞ்சம்மாள்தான். அவள் உயிரோடு வெளியே வரவில்லை.

இப்போது பார்த்தால் பிழை ஒரே வரியில் இருந்தது. தொடக்கச் சூடு முப்பத்தைந்து என்பதைச் சுழற்சிக்கு உள்ளே எழுதியிருந்தாள். ஒவ்வொரு மணியும் கணக்கு மறுபடி முப்பத்தைந்திலிருந்தே தொடங்கியது. ஏறிய சூடு எதுவும் சேரவில்லை. அந்த வரியை வெட்டிச் சுழற்சிக்கு மேலே ஒட்டினாள். பிறகு பழைய தேதியை அடித்தாள்.

என்டரை அவள் தொடவில்லை. அது தானாக அமுங்கியது.

40. 46. 53.

வரிக்கு வரி நின்று, மெதுவாக வந்தன. அப்படி நிற்கும்படி அவள் எழுதவே இல்லை.

61. 70.

மேசை சுட்டது. நிறுத்தும் விசையை அழுத்தினாள். அதில் வெள்ளி ரேகை. பக்கத்து விசையிலும். எல்லா விசையிலும்.

107. 123.

"அங்கன யாரு?" சுவருக்கு அப்பால் மணிகண்டராஜ். பிறகு கதவைப் பிடித்து இழுக்கும் சத்தம். "ஏம்மா, கதவைத் திற. சுடுது. கைப்பிடி சுடுது."

அவளால் எழ முடியவில்லை. வலது கைமேல் இன்னொரு கை. சொரசொரப்பானது. கனமானது. அது அவள் உள்ளங்கையை இழுத்துக்கொண்டுபோய்க் கணினியின் தகரப் பெட்டிமேல் வைத்தது.

187. 215.

தோல் ஒட்டிக்கொண்டது. கருகிய சாக்கின் வாடை, காதருகே மூச்சாக.

"இப்பம் கை வச்சுப் பாரு, டீச்சர் மகளே."

பக்கத்து அறையில் சத்தம் நின்றிருந்தது.

பதின்மூன்று வரிகள். கீழே பதினான்காவது வரியின் தொடக்கத்தில் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னியது. அவள் விரல்கள் நகத்திலிருந்து மணிக்கட்டுவரை, மெல்ல மெல்ல, வெள்ளியாகிக்கொண்டிருந்தன.