ஆறு மடங்கு கனம்

வெண்குடியில் மாலையானால் காற்றைக் குறைப்பார்கள். சங்கு ஊதும், அந்த நிலாக் குடியிருப்பில் உள்ள அத்தனை பேரும் போட்டது போட்டபடி உட்கார்ந்து, பேச்சை நிறுத்தி, சிக்கனமாக மூச்சு விடுவார்கள். உயிர்வளி இயந்திரத்தின் மின்சாரம் அந்த நேரத்தில் கண்ணாடி உலைக்குப் போகும்.

உலையில் வார்ப்பது ஒயின் பாட்டில். நிலாவில் எதற்கும் ஆறில் ஒரு பங்கு எடைதான். பூமிப் பாட்டிலைத் தூக்கினால் காலி டப்பா போலிருக்கும். விருந்துக்குப் போகிறவர் அதை நீட்டினால் மரியாதையா? ஆகவே ஆறு மடங்கு தடிமனாக வார்த்தார்கள். குடிப்பது நாலு மடக்கு. தூக்கி எறிவது ஒரு பாறாங்கல்.

உறைகளும் பைகளும் வடிவமைக்கும் பொதியியல் பொறியாளர் இளவெயினிக்கு இது பொறுக்கவில்லை. அவள் கணவன் நன்மாறனுக்கு மூச்சிரைப்பு. சங்கு ஊதினால் சுவரில் சாய்ந்து தவிப்பான். அதைப் பார்த்துப் பார்த்துத்தான், ஒயினை அடைக்கப் பாசியிலேயே செய்த பாசிப்பையை உருவாக்கினாள். ஒயினைக் குடித்ததும் பையைச் செடிக்கு உரமாகப் போடலாம். உலையே வேண்டாம்.

மன்றத் தலைவி கார்குழலி பையிலிருந்து ஊற்றிக் குடித்துப் பார்த்தார்.

"ருசி நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா கையில கனமே தெரியலையே. இதைத் தூக்கிட்டு ஒரு வீட்டு வாசப்படி ஏற முடியுமா?"

"கனம் ஒயின்ல இல்லீங்க, கண்ணாடியில. அதுக்காக ஜனங்க மூச்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க."

"அதுவும் சரிதான்" என்று தலைவி யோசித்தார்.

மறு வாரமே பாசிப்பை கடைக்கு வந்தது. பாட்டிலுக்குள் வைத்து. மேலே பச்சை எழுத்தில் 'சூழல் காப்போம்'. ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். உலை காலையிலும் எரிந்தது. சங்கு இருவேளை ஊதியது. இளவெயினிக்கு வயிறு எரிந்தது. கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பாட்டிலைத் திட்டித் தீர்த்தாள். சண்டை போட்டு, வெறும் பைக்கும் கடை மூலையில் ஓர் அடுக்கு வாங்கினாள். அதைச் சீண்ட ஆளில்லை.

மகளுக்கு வரன் அமைந்தது. சம்பந்தி வீட்டுக்கு முதன்முதலாகப் போகும் நாளன்று கணவனும் மனைவியும் கடைக்குப் போனார்கள். அவள் ஒரு கையில் பை, மறு கையில் பாட்டில் என்று வெகுநேரம் நின்றாள்.

"உன் பையையே எடுத்துக்கயேன்" என்றான் நன்மாறன். "ஊருக்கெல்லாம் நீ சொன்னதுதானே."

"ஊருக்குச் சொல்றது வேற. அவங்க நம்மளை என்ன நினைப்பாங்க?"

பையை அடுக்கிலேயே வைத்துவிட்டு, இருந்ததிலேயே தடித்த பாட்டிலாகத் தேடி எடுத்து அவனிடம் கொடுத்தாள். அப்போது சங்கு ஊதியது. அவன் பாட்டிலை மார்போடு அணைத்தபடி அங்கேயே தரையில் உட்கார்ந்தான்.

"கனமா இருக்குல்ல?" என்று கேட்டாள்.

பேச மூச்சில்லாமல் அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவளுக்கு நிம்மதியாக இருந்தது.