வலது கண் வளையம்

பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வலப்பக்க வளையத்தை மறுபடியும் திருகி வைத்திருந்தான்... அந்த இரவுக் காவல்காரன்!

துறைமுகக் கோபுரத்தில் பகல் காவலுக்கு அவள், இரவுக்கு அவன். அவள் வருவதற்குள் சாவியை வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவான்; மாலையில் அவன் வருவதற்குள் அவளும் அப்படியே. இருவருக்கும் பொது அந்த ஒரே பைனாகுலர்தான். நடுச்சக்கரத்தைச் சுற்றினால் இரண்டு குழல்களிலும் கப்பல் சேர்ந்தே தெளியும். இரண்டு கண்களின் பார்வைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் வலக்குழலில் அந்த வளையம். அவளுக்கு அது பூஜ்யத்தில் நிற்க வேண்டும். தினமும் அவன் திருகுவான்... இவள் முணுமுணுத்துக்கொண்டே திருப்பி வைப்பாள்.

உண்மையைச் சொன்னால், வீட்டிலும் பேச ஆளில்லாத அவளுக்கு இந்தச் சண்டைதான் துணை.

ஆனால் இன்று வளையம் ரொம்பத் தள்ளிப் போயிருந்தது. யோசித்தால், சில மாதங்களாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித்தான் போகிறது. அப்படியானால் அவனுடைய வலது கண்... அவளுக்குப் பகீரென்றது.

இறங்கி ஓடினாள். நல்லவேளை, மழைக்கு ஒதுங்கிப் படிக்கட்டின் அடியில் இன்னும் நின்றிருந்தான். தூக்கமில்லாத, பெரிய கண்கள்... அவள் திட்ட நினைத்ததெல்லாம் மறந்துபோனது.

"உங்க வலது கண்ணு மங்கிட்டே வருது, இல்லையா?"

அவனுக்குச் சுருக்கென்றது. என் கண்ணைப் பற்றி உங்களுக்கென்ன என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். மழை பெய்துகொண்டே இருந்தது. அவள் நகராமல் நிற்கவே சொல்லிவிட்டான். டாக்டரிடம் போனால் ஆபீசுக்குத் தெரிந்துவிடும், கோபுரத்திலிருந்து இறக்கிக் கீழே மேஜை வேலைக்குப் போட்டுவிடுவார்கள் என்றான்.

"மேஜை வேலைன்னா கசக்குதா?"

"வேலைக்காக இல்ல..." அவன் குரல் இறங்கியது. "சாயந்திரம் வந்தா வளையம் பூஜ்யத்துல நிக்கும். பகல் பூரா இங்க ஒருத்தங்க இருந்திருக்காங்கன்னு ஒரு ஆறுதல். எனக்குன்னு வேற யாரும் இல்லீங்க. கீழ போயிட்டா அதுவும் இருக்காது."

இவனும் தன்னைப் போலத்தானா... அவன் இறங்கிவிட்டால் அதன்பிறகு வளையம் வைத்த இடத்திலேயே நிற்கும். நினைக்கவே வெறிச்சென்றிருந்தது. இருந்தாலும் சொன்னாள்.

"நாளைக்கு எனக்கு லீவு. டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். வளையம் கிடக்கட்டும்... அதைத் திருகின ஆளைத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க என்னை ரெண்டு கண்ணாலயும் பார்க்கணும்."