இடது பின் சக்கரம்

நான்கு டயரும் புதிது. ஆனாலும் கடை வாசலைத் தாண்டுவதற்குள், காற்று குறைவு என்று காரின் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது.

மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தவனைப் பார்த்து டயர் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். கேஜ் வைத்துப் பார்த்தார். நான்கிலும் ஒரே காற்றுதான். இடது பின் சக்கரம் மட்டும் தரையில் பிதுங்கி நின்றது.

“பின்னாடி கனமா ஏதாச்சும் வச்சிருக்கீங்களா சார்?”

“ஒரு குடை இருக்கு. அவ்வளவுதான்.”

“சரி, ரீசெட் பண்ணிடுங்க. இந்த பட்டனை மூணு செகண்ட் அழுத்துங்க. இப்ப வண்டி எப்படி இருக்கோ அதைத்தான் சரின்னு எடுத்துக்கும். அதுல ஏதாவது மாறினா மட்டும் எரியும்.”

ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கிளம்பிவிடுவாள். மனைவி வேலை முடிந்து வர எட்டாகும். ஆறு வயது மகள் தனியாக இருப்பாள். சரியோ தப்போ, விளக்கு அணைந்தால் போதும் என்றிருந்தது. அழுத்தினான். சிமிட்டிவிட்டு அணைந்தது.

பாதி வழியில்தான் அது தெரிந்தது. புது ரப்பர் வாசனைக்கு அடியில், காயாத துணியை மடித்து வைத்தாற்போல் ஒரு புளித்த வாடை. ஒவ்வொரு திருப்பத்திலும் பின் சீட்டின் இடது பக்க ஸ்பிரிங், கனத்த ஆள் ஒருவர் அசைந்து உட்கார்வதுபோல் முனகி, வண்டி நேரானதும் மெல்ல அடங்கியது. கண்ணாடியைப் பார்க்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிடலாம்தான். ஆனால் குழந்தை தனியாக இருக்கிறாளே.

வீட்டு கேட்டைத் திறந்துவிட்டு வந்து ஏறினான். வாடை இல்லை. அப்பாடா என்றிருந்தது. வண்டியும் லேசாக உள்ளே உருண்டது.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

அவனுக்கு உயிரே போய்விட்டது. எதைச் சேர்த்துச் சரி என்று வண்டிக்குச் சொல்லிக்கொடுத்தானோ, அது இப்போது வண்டியில் இல்லை. இறங்கிவிட்டது. இங்கே. அவன் வீட்டில்.

பாய்ந்து போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தான்.

“வந்துடு,” என்று வாசலைப் பார்த்துக் கெஞ்சினான். “வந்து ஏறிக்க. எங்க வேணாலும் கூட்டிட்டுப் போறேன். உன் கால்ல விழறேன், உள்ள மட்டும் போகாத.”

யாரும் ஏறவில்லை.

ஓடினான். மகள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

“என்னப்பா இப்படி நாத்தம் அடிக்குது?” நிமிரவில்லை.

அவளுக்கு அடுத்த மெத்தை அமுங்கியது. அங்கே யாருமில்லை. இன்னும் அமுங்கியது. வண்ணப் பென்சில்கள் ஒவ்வொன்றாக உருண்டு அந்தப் பள்ளத்தில் விழுந்தன. பிறகு குழந்தையும், வரைவதை நிறுத்தாமலே, அந்தப் பக்கமாகச் சரியத் தொடங்கினாள்.