அப்பாவின் இலை

பிப்ரவரி 10, செவ்வாய். இன்றைய தவறு: மதியம் சாப்பிட்ட வீட்டில், அப்பா கை கழுவ எழுந்து போன நேரத்தில், அவருடைய இலையையும் நானே மடித்து வைத்தேன். சாப்பிட்டவர்தான் மடிக்க வேண்டும். சிறிய தவறு. பரவாயில்லை.

‘பரவாயில்லை’ என்பதை அனிஷா அடித்தாள். அடித்த பிறகு அது இன்னும் மோசமாகத் தெரிந்தது. பக்கத்தில் மறுபடியும் ‘பரவாயில்லை’ என்று எழுதி வைத்தாள்.

எதிலும் அவள் அப்படித்தான். திண்டுக்கல்லில் ஜெராக்ஸ் கடையில் பகல் முழுக்க நிற்கிறவள், ஒரு நகல் எடுத்தால் மூலத்தோடு வைத்து இரண்டு தடவை பார்த்துத்தான் கொடுப்பாள். சாயங்காலம் சுற்றுலா வழிகாட்டி வகுப்பு. அங்கே ஸ்தனிஸ்லாஸ் சார் நாட்குறிப்புக்கு ஒரு கட்டளை வைத்திருந்தார்: முதல் வரியில் அன்றைய தவறு, கடைசி வரியில் மறுநாள் வேலை. நடுவில் என்ன வேண்டுமானாலும் கிறுக்கிக்கொள்ளலாம்.

அவர்தான் ஒருநாள் சுவரில் ஆண்டீஸ் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றைப் படம் போட்டுக் காட்டினார். பாறைச் சுவர்களுக்கு நடுவே நாள்கணக்கில் நடக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் வழியில் உள்ள சிற்றூரில் யாராவது வீட்டில் தங்குகிறார்கள், அந்த வீட்டு அடுப்பில் வெந்ததைச் சாப்பிடுகிறார்கள். “இதே மாதிரி நம்ம பக்கம் ஒரு வழி கண்டுபிடிச்சு நடந்துட்டு வாங்க. வீட்ல உக்காந்து மேப் வரஞ்சா மார்க் கெடையாது” என்றார் சார்.

அனிஷா நரிப்பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தாள். பாலசமுத்திரத்துக்குத் தெற்கே மலையடியில், காட்டாறு காலங்காலமாக அறுத்து உண்டாக்கிய ஆழமான பள்ளம் அது. வளைந்து வளைந்து போய் நெய்க்காரப்பட்டி பக்கத்துத் தென்னந்தோப்புகளில் முடிகிறது. நடுவே சிறுசிறு குடியிருப்புகள். தங்குவதற்கு வீடுகளை, பாலசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருக்கும் அப்பாவின் பழைய மாணவன் சிவபிரகாஷ் போனிலேயே பேசி வைத்தான்.

அப்பா ராயப்பராஜ் போன வருடம்தான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற கையோடு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். “பொட்டப்புள்ளயத் தனியா அனுப்ப மாட்டேன்” என்று அம்மா ஆனந்தமேரி சொன்னதும், அவர் மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“ஸ்டென்ட் வெச்ச மனுசன் எங்க போறீங்க?”

“ஆண்டீஸுக்குத்தான் நம்ம கையில காசில்ல. நரிப்பள்ளத்துக்காவது போயிட்டு வாரேன், மேரி.”

பள்ளத்துக்குள் இறங்கியதும் வெயில் மேலேயே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. தலைக்கு மேலே வானம் ஒரு துண்டுத் துணி அளவுக்குத்தான். ஓடை காய்ந்து மணலாய்க் கிடந்தது. ஆனாலும் எங்கிருந்தோ ஈர வண்டல் வாடை வந்துகொண்டே இருந்தது, வெள்ளம் வடிந்த மறுநாள் வருமே, அந்த வாடை.

ஒரு பாறையில் உட்கார்ந்து தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தை வைத்தார்கள். அனிஷா தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் குரங்கு ஒன்று பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பாறை ஏறிவிட்டது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “ஏலே, ஊறுகாயையும் எடுத்துட்டுப் போடா! வெஞ்சனம் இல்லாம எப்படித் திம்ப?”

அடுத்த வளைவில் அந்த வீடு இருந்தது.

ஓட்டு வீடு, நீலக் கதவு. சுவரில் இடுப்பளவுக்கு மண்நிறக் கோடு. வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். முந்தானை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“சாப்பிட வாங்க. ஆளுக வருவாங்கன்னுதான் காத்துட்டிருக்கோமுங்க.”

சிவபிரகாஷ் சொல்லி வைத்த வீடாக இருக்கும் என்று அனிஷா நினைத்தாள். கேட்டிருக்கலாம். போனில் சிக்னல் இல்லை. அப்பாவோ அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டார். சாப்பிடக் கூப்பிட்ட வீட்டை அவர் தாண்டிப் போனதில்லை.

கூடத்தில் இருட்டு. வரிசையாக இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் இல்லை.

“மத்தவங்க?” என்றாள் அனிஷா.

“வந்துருவாங்க. நீங்க உக்காருங்க.”

அகத்திக்கீரை. வாழைக்காய். பாகற்காய். சோறு ஆறி விறைத்திருந்தது. அப்பா குனிந்து மகளின் காதருகே சொன்னார்: “எல்லா வெஞ்சனமும் கசப்பு. சுகர்காரன் வீட்டுக் கல்யாணம் போல இருக்குத்தா.” சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் சாப்பிட்டாள். அவர் பாகற்காயை மட்டும் இலையோரம் ஒதுக்கிவிட்டு, கை கழுவக் கொல்லைக்குப் போனார்.

அனிஷா தன் இலையை மடித்தாள். மேல்பாதியைத் தன் பக்கம் இழுத்து மடிப்பதுதான் மரியாதை. கல்யாண வீடுகளில் பார்த்துப் பார்த்துக் கை பழகிப்போயிருந்தது. அப்பாவின் இலை அப்படியே திறந்து கிடந்தது. மடிக்காமல் போனால் அந்த அம்மா என்ன நினைப்பாளோ என்று, அதையும் அதே போல மடித்து வைத்தாள்.

நிமிர்ந்தபோது அந்தப் பெண் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“வாரோமுங்க” என்றாள்.

விருந்தாளி சொல்ல வேண்டியதை வீட்டுக்காரி சொல்கிறாளே என்று நினைத்தபடி அனிஷா வெளியே வந்தாள்.

பொழுது இறங்கும் நேரத்துக்குக் கருப்பம்மாள் வீட்டை அடைந்தார்கள். அங்கேதான் அன்றைய தங்கல். வாசலில் கட்டில் போட்டு, சூடாக வரக்காப்பி கொடுத்தாள். அப்பா குளிக்கப் போனார். அனிஷா நாட்குறிப்பை முடித்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.

“ஏனுங்க அம்மணி, மத்தியானம் எங்க சாப்டீங்க?”

“வளைவுல நீலக் கதவு வீடு இருக்குல்லக்கா, அங்கதான். ஒரு அம்மா கூப்பிட்டுச் சோறு போட்டாங்க.”

கருப்பம்மாள் கையிலிருந்த அகப்பை நின்றது. அவள் புருஷன் பெருமாள்சாமி, விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர், திரும்பவே இல்லை.

“அந்த வூட்ல ஆளில்லீங்களே” என்றார் அவர், விறகைப் பார்த்தபடியே.

பிறகு கருப்பம்மாள்தான் சொன்னாள், அடங்கிய குரலில். அந்த வீட்டுப் பெரியவர் செத்துப்போனார். கருமாதி அன்றைக்குச் சமைத்து, இலையெல்லாம் போட்டுவிட்டு, சடங்கு செய்ய வீட்டோடு ஓடைக்குப் போனார்கள். மேலே மலையில் பெய்த மழை இங்கே யாருக்கும் தெரியாது. தண்ணீர் ஒரே மூச்சில் வந்தது. போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்து சாப்பிடவில்லை.

“மூணு வருசமாப் பூட்டிக் கெடக்குதுங்க அம்மணி.”

அனிஷாவின் நாக்கில் அகத்திக்கீரையின் கசப்பு இன்னும் இருந்தது.

“இலைய எப்படி மடிச்சீங்க?”

அனிஷா கையால் காட்டினாள். தன் பக்கமாக.

கருப்பம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். “துக்கத்துச் சோறு தின்னா எட்டத் தள்ளி மடிக்கோணும் கண்ணு. இப்படி ஒரு சோறு இனி வேண்டாம்னு அர்த்தம். நம்ம பக்கம் மடிச்சா, அந்தத் துக்கத்த எங்கூட்டுக்கும் வான்னு கூப்பிடற மாதிரி.”

“யாருக்கு வரும்க்கா?”

“யாரு இலையோ அவியளுக்கு.”

“என் இலையும்தான் அப்படி மடிச்சேன்.”

“உன்னுது நீ மடிச்ச. தெரியாமச் செஞ்சன்னு உன் வாயால சொல்லிக் கேட்டுக்கலாம். அவரு இலை, அவரு மடிக்கல. அவருக்குப் பதிலா நீ கூப்பிட்டிருக்கற.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “இலை இன்னும் அங்கயே கெடந்தா, திருப்பி மடிச்சுப் பாரு. வேற வழி எனக்குத் தெரியாது.”

கிணற்றடியிலிருந்து அப்பா பாடுவது கேட்டது. எப்போதும் போல சுருதி சேராமல்.

விடிந்ததும், அப்பா எழுவதற்கு முன், அவருடைய கம்பை எடுத்துக்கொண்டு அனிஷா நடந்தாள். பெருமாள்சாமி கூட வந்தார். வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டார். “நான் இங்கயே நிக்கறனுங்க.”

நீலக் கதவில் பூட்டு. துரு ஏறி, கதவோடு கதவாக ஒட்டிப்போயிருந்தது. நேற்று செருப்பு விட்ட இடத்தில் சருகு மூடிக் கிடந்தது.

ஜன்னல் திறந்திருந்தது.

கம்பிகளுக்குள் முகத்தை வைத்துப் பார்த்தாள். தரை முழுக்க வெடித்துப்போன வண்டல். அதன் மேல் வரிசையாக இலைகள், காய்ந்து சுருண்டு, தொட்டால் பொடியாகிறவை. இரண்டு மட்டும் பச்சை. அவற்றில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்ததன் ஓரத்தில் பாகற்காய்த் துண்டுகள் பிதுங்கிக்கொண்டிருந்தன.

அப்பாவின் இலை.

கம்பை உள்ளே நீட்டினாள். நுனி எட்டியது. மேல்மடிப்பைத் தூக்கித் திறந்தாள். கீழ்ப்பாதியை எதிர்ப்பக்கம் தள்ளப் போனாள். அதற்குள் மேல்பாதி மெதுவாகத் தானாகவே சாய்ந்து மூடிக்கொண்டது.

காற்று இல்லை.

மறுபடி திறந்தாள். மறுபடி மூடியது. பொறுமையாக, குழந்தை தப்பாக எழுதியதைத் திருத்துகிற கை போல.

“தெரியாமப் பண்ணிட்டேன்” என்றாள். “அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் மடிச்சேன். என்னை வேணா...”

முடிக்க முடியவில்லை. முடிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. அதை அவளே கவனித்தாள்.

மூன்றாவது தடவை கம்பை நீட்டியபோது, மறுமுனையை யாரோ பிடித்தார்கள்.

இழுக்கவில்லை. முரட்டுத்தனம் இல்லை. நடக்க முடியாத மனிதரை மேடேற்றிவிடப் பிடிப்பது போன்ற பிடி. அந்தப் பிடியின் ஈரம் மூங்கில் வழியாக வழிந்து அவள் விரல்களை நனைத்தது.

அவள் கம்பை விட்டுவிட்டாள்.

ஓசையே இல்லாமல் அது உள்ளே போனது.

“என் கம்பு எங்கத்தா?” என்று, அவள் திரும்பி வந்ததும், அப்பா கேட்டார்.

“ஒடஞ்சு போச்சுப்பா. போதும், வீட்டுக்குப் போவோம்.”

“அடுத்த ஊர்ல மணிமேகலைன்னு ஒரு பொண்ணு நமக்காகக் கோழி அடிச்சு வெச்சிருக்குன்னு சிவபிரகாஷ் சொன்னானே. பாதியில நின்னா உனக்கு மார்க் போயிரும் தாயி.”

“மார்க் வேணாம்ப்பா.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பழனி வந்து, பழனியிலிருந்து திண்டுக்கல் பஸ். வழியெல்லாம் அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். “என்னத்தா, திருவிழாவுல தொலஞ்சிருவேன்னு பயமா?” என்று அவர் சிரித்தார். நாடி சரியாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. சின்னாளப்பட்டிக்காரர் ஒருவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவரோடு சேலை விலை பேசிக்கொண்டு வந்தார். எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது.

மத்தியானமே மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஈசிஜி எடுக்க வைத்தாள். “நல்லாருக்காரே, எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?” என்றார் டாக்டர். இலையை மாற்றி மடித்துவிட்டேன் என்றா சொல்வது?

மேட்டுப்பட்டி வீட்டுக்கு வந்ததும் அப்பா கூடத்து நாற்காலியில் சாய்ந்தார். அனிஷா பழம் வாங்கக் கடைக்குப் போய், கால்மணி நேரத்தில் ஓடி வந்தாள். கோயிலில் சாயங்கால மணி அடித்துக்கொண்டிருந்தது.

வாசற்கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாத்தியிருந்தது.

மூங்கில் கம்பு.

நுனியில் வண்டல் ஈரமாக ஒட்டியிருந்தது.

“அம்மா... இது ஏது?”

“ஒடஞ்சு போச்சுன்னு சொன்னியாம்ல? முழுசாத்தான இருக்கு” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்தே. “இப்பத்தான் ஒரு பொம்பள கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சு. நீங்க தங்குன ஊராம். சேலையெல்லாம் நனஞ்சு, பாவம். செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்கன்னேன். கேக்கல.”

“என்ன சொன்னுச்சு?”

“நாளைக்கு எல்லாருமா வாரோம்னுச்சு. எதுக்கும்மான்னு கேட்டேன். சாப்பிடத்தான்னு சொல்லிச் சிரிக்குது.” அம்மா எட்டிப் பார்த்தாள். “யாருடி அவங்க? எத்தன பேருக்கு ஆக்கணும்?”

அனிஷா கூடத்துக்குள் போனாள். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் கண்ணயர்ந்திருந்தார். மூச்சு வந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். முகத்தில் நோவு எதுவும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டு முடித்தவரின் நிறைவுதான்.

மடியில் கிடந்த அவருடைய வலது கை அசைந்தது. விரல்கள் எதிலோ ஒரு விளிம்பைத் தேடிப் பிடித்தன. மெதுவாக, மரியாதையாக, அதைத் தன் பக்கமாக இழுத்து மடித்தன.

அவள் அந்தக் கையை இறுகப் பற்றினாள். பற்றியிருந்த கைக்குள்ளேயே அது மறுபடியும் மடித்தது.

கூடத்தில் வண்டல் வாடை அடித்தது.

வெகுநேரம் கழித்து, இடது கையால் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தாள். வலது கையை அப்பாவிடமிருந்து எடுக்கவில்லை. எழுத்து கோணிக் கோணி வந்தது.

பிப்ரவரி 11, புதன். இன்றைய தவறு: கம்பை விட்டுவிட்டேன்.

நாளைய வேலை: விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய் வாழை இலை வாங்க வேண்டும். வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும், இலையை எட்டத் தள்ளி மடிக்க வேண்டும் என்று, உட்காருவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.